பெயர் வெட்டாத தேக்சாக்கள்

மாரிச்செல்வம் என் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி முடித்த பிறகுதான் அவர் கடைக்குள் வந்தார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து போயிருப்பேன். இப்போது கைகள் இரண்டும் துணிக்குள்ளே இருக்கின்றன, தலை நனைந்திருக்கிறது, நெற்றி முடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் மூக்கின் மேல் இறங்கி நுனியில் நிற்கிறது. விழவும் இல்லை, துடைக்கவும் முடியவில்லை. சமையல்காரர் காதர் கனி பண்டாரி எனக்குப் பின்னால் இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணாடியைப் பார்த்து ஸலாம் சொன்னார். நானும் கண்ணாடியைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். பிறகு செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார். அவ்வளவுதான். ஒரு மனிதர் முடிவெட்டும் கடைக்கு வருகிறார், தன் முறை வரும்வரை பேப்பர் படிக்கிறார், இதில் பயப்பட என்ன இருக்கிறது. ஆனால் திண்டுக்கல்லில் முடிவெட்டும் கடை இது ஒன்றுதானா. அவர் தங்கியிருக்கிற மகள் வீட்டுக்குக் கீழேயே ஒன்று இருக்கிறது. இங்கே வருவானேன். எதிரே என் கடை இருக்கிறது என்பதாலா. நான் உள்ளே நுழைந்ததைப் பார்த்துவிட்டு வந்தாரா. சொட்டு இன்னும் விழவில்லை. அத்தா இறந்த பிறகு இன்றைக்குத்தான் முடி வெட்டிக்கொள்கிறேன். சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் ஜமாஅத்துப் பெரியவர்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வருகிறார்கள். அத்தா விட்டுப்போனதை அம்மாவுக்கும் அக்காவுக்கும் எனக்கும் பிரிப்பதற்கு முன்னால் ஹஜ்ரத் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார். மையத்தின், அதாவது இறந்துபோனவரின், கடன் எல்லாம் தீர்ந்துவிட்டதா என்று கேட்பார். தீர்ந்தது என்று நான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பிரித்துவிடலாம். ஒன்று பாக்கி இருக்கிறது என்று சொன்னால், எதிரே இருக்கிற கடையின் உயிர் பின்னால் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவரோடு போய்விடும்.

கண்ணாடியில் தெரு முழுக்கத் தெரிகிறது, இடம் வலமாக, வலம் இடமாக. என் கடைப் பலகையில் எழுத்துகள் திரும்பி நிற்கின்றன. பிறந்ததிலிருந்து பார்க்கிற எழுத்து என்பதால் படித்துவிடுகிறேன். எம்.எஸ். பாத்திர வாடகை நிலையம். எம்.எஸ். என்றால் முகம்மது சாலிகு, என்னைப் பெற்ற அத்தா. கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் கோயில் அன்னதானத்துக்கும் இங்கிருந்துதான் பாத்திரம் போகிறது. தண்ணீர் டம்ளரிலிருந்து நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற சஹன் தட்டு வரைக்கும், வாளி, அகப்பை, கரண்டி, மூடி, எதை எடுத்துத் திருப்பினாலும் ஓரத்தில் எம்.எஸ். என்று வெட்டியிருக்கும். ஒரே பந்தியில் மூன்று கடைப் பாத்திரம் கலந்து கிடக்கும், பெயர் இல்லாவிட்டால் அடுத்தவன் வண்டியில் ஏறிவிடும் என்பார் அத்தா. அப்படிப்பட்டவருடைய கடையில் பெயர் வெட்டாதவை நாலே நாலுதான். அந்த நாலையும் வாசலில் சாக்கு விரித்து உருட்டி வைத்துவிட்டுத்தான் நான் இங்கே வந்தேன். நாலு செம்புத் தேக்சா. ஒவ்வொன்றிலும் ஒரு ஆடு முழுதாக உள்ளே போகும். அலுமினியத்தில் அடிபிடிக்கும், இதில் பிடிக்காது. அதனால் கல்யாணத் தேதி குறித்தவர்கள் மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த நாலும் அன்றைக்கு இருக்குமா என்று கேட்டு வருகிறார்கள். தேக்சாவுக்கு வருகிறவர்கள்தான் மற்றதையும் எடுத்துப் போகிறார்கள். இது இல்லையென்றால் மிச்சம் டம்ளரும் தட்டும். அதைப் பந்தல்காரனே சும்மா தருகிறானே. அக்கா வீட்டுக்காரர் சிராஜ் மச்சான் நேற்று கடைக்கு வந்து அவற்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அடியில் கைவிட்டுத் தடவினார். "என்ன கமரு, இதுல மட்டும் பேரைக் காணோம்? மாமா மறந்துட்டாரா?" என்றார். நான் தட்டுகளை அடுக்கினேன். "பேரில்லாததாலதான அந்தப் பண்டாரி வந்து நிக்கிறான். நாளைக்கே வெட்டிரு. ரத்தினசாமியை நான் அனுப்புறேன். ஹஜ்ரத் வந்து பாக்கறப்ப எல்லாத்துலயும் இருக்கிற மாதிரி இதுலயும் இருக்கணும்." நான் சரி என்றேன். சரி என்று சொன்ன வாய் அதிலிருந்து உலர்ந்துதான் கிடக்கிறது. ரத்தினசாமியின் வண்டி இன்னும் வரவில்லை. மூக்கு நுனியில் இருந்த சொட்டைக் காணோம். எப்போது விழுந்ததென்று தெரியவில்லை.

"கொஞ்சம் குனிங்க பாய்" என்று மாரிச்செல்வம் என் தலையை முன்னால் தள்ளுகிறான். குனிந்தால் கண்ணாடி போய்விடுகிறது. மடியில் துணி, துணியில் என் முடி, நான் நினைத்ததைவிட நரை அதிகம். பின்னால் பேப்பர் புரளும் சத்தம் மட்டும் கேட்கிறது. புரட்டுகிறாரா, மடிக்கிறாரா, எழுந்து வருகிறாரா. அத்தாவை அடக்கிய அன்றைக்கும் இப்படித்தான் குனிந்து நின்றேன். மையத்துத் தொழுகைக்கு முன்னால் வாரிசு முன்னே வந்து சொல்ல வேண்டும், அது வழக்கம். எங்கள் அத்தா யாருக்காவது கடன்பட்டிருந்தால், யாருடைய பொருளாவது அவரிடம் இருந்தால், என்னிடம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள். எல்லோரும் சொல்வது இதுதான். ஹஜ்ரத் காதோரம் சொல்லிக்கொடுத்தார், நான் திருப்பிச் சொன்னேன். அதோடு வரிசையில் போய் நின்றிருக்க வேண்டும். வெள்ளைத் துணிக்குள் அத்தாவின் பாதம் இரண்டும் கூர்மையாக நிமிர்ந்திருந்தன. பன்னீர் வாசனை. ஹஜ்ரத் சொல்லிக்கொடுக்காத ஒன்று என் வாயிலிருந்து தானாக வந்தது. சாட்சி வேண்டாம், சீட்டு வேண்டாம், வந்து சொன்னாப் போதும், நான் பொறுப்பு. பின்வரிசையில் யாரோ மாஷா அல்லாஹ் என்றார்கள். அந்த நேரத்திலும் அது என் காதில் நன்றாக விழுந்தது. மச்சான், அடக்கிவிட்டுக் கபுருஸ்தானிலிருந்து திரும்புகிற வழியிலேயே பிடித்துக்கொண்டார். "யாருடா உன்னை அப்படிச் சொல்லச் சொன்னது? தொழ வந்தவனையெல்லாம் வசூலுக்கு வரச் சொல்லியிருக்கே." அதை இனிமேல் திரும்ப வாங்க முடியுமா. வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் எழுந்து நின்று, அன்றைக்குச் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதியை மட்டும் தள்ளிவிடுங்கள் என்றா சொல்வது. கடனோடு போனவருடைய ரூஹு, அவருடைய ஆன்மா, அந்தக் கடன் தீர்கிறவரை தொங்கிக்கொண்டிருக்கும் என்று ஹஜ்ரத் பயானில் சொல்வார். எங்கே தொங்கும், எதைப் பிடித்துக்கொண்டு தொங்கும். நான் சிறு வயதில் கேட்டதற்கு அத்தா சிரித்தார். ஆணியில் கரண்டி தொங்குகிற மாதிரி என்றார். இப்போது கடைக்குள் கரண்டி மாட்டுகிற சுவர்ப் பக்கம் நான் பார்ப்பதில்லை.

வந்தார்கள். டீக்கடைக்காரர் வந்தார், சுமை வண்டிக்காரர் வந்தார், ஈயம் பூசுகிறவர் வந்தார். கேட்டதைக் கொடுத்தேன். கொடுத்தவுடன் இரண்டு நாள் தூக்கம் வந்தது. தையல்கார ஹமீது மட்டும் வாசலிலேயே நின்றுகொண்டு, "எனக்கு வரவேண்டியதை அல்லாவுக்காக விட்டுட்டேன் கமரு, சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார். என்ன வரவேண்டியிருந்தது என்று கேட்டேன். "விட்டாச்சுன்னா விட்டாச்சு, அதை எதுக்குக் கிளறிக்கிட்டு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வாங்கிக்கொண்டு போனவர்கள் எல்லோரும் மறந்துவிட்டார்கள், வாங்காமல் போனவர்தான் தினமும் ஒரு தடவை நினைவில் வருகிறார். துணியாக இருக்குமோ, வார்த்தையாக இருக்குமோ. வங்கியில் இருக்கிற வைப்புத்தொகைக்காக ஒரு வக்கீலைப் பிடித்தோம். அவர் பேப்பரில் அறிவிப்புக் கொடுத்தார். காலஞ்சென்ற இன்னாருடைய சொத்தின் மீது பாத்தியதை கோருகிறவர்கள் கெடுவுக்குள் ஆதாரத்தோடு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், தவறினால் பிறகு எந்தப் பாத்தியதையும் செல்லாது. கெடு முடிந்த அன்றைக்கு வக்கீல் போன் பண்ணி, "கதவை மூடியாச்சு பாய். இனிமே எவனாவது கையை வீசிக்கிட்டு வந்தா எங்கிட்ட அனுப்புங்க" என்றார். அவர் திறந்த கதவை அவர் மூடிவிட்டார். நான் திறந்ததற்குக் கெடு எதுவும் சொல்லவில்லையே.

அதற்குப் பிறகுதான் இவர் வந்தார். மலேசியாவில் ஏதோ சாப்பாட்டுக் கடையில் காலமெல்லாம் சமைத்துவிட்டு, அத்தா மௌத்தாகி நாற்பது கழிந்த பிறகு ஒரேயடியாக ஊர் திரும்பியிருந்தார். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் இந்த ஊரில் கல்யாண பிரியாணி என்றால் இவர் கைதான். அந்தப் பண்டாரிப் பட்டம் கடல் கடந்து போயும் பெயரோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. கடையில் மச்சானும் இருந்தார். டீ வாங்கிக் கொடுத்தோம். டீயைக் குடித்து முடித்து, டம்ளரைத் திருப்பிப் பார்த்து, அடியில் இருந்த எம்.எஸ்.ஸைக் கட்டைவிரலால் தடவிவிட்டுச் சொன்னார். "நாலு தேக்சா உங்க அத்தாகிட்ட என் அமானிதமா இருக்கு தம்பி. நான் கப்பலேறுறப்ப நம்பிக் குடுத்துட்டுப் போனது. மருமகன் வத்தலக்குண்டுல கடை போடுறான். எடுத்துக்கலாம்னு வந்தேன்." மச்சான் சிரித்தார். அமானிதம்னா சீட்டு இருக்கா என்றார். இல்லை. சாட்சி இருக்கா. "சாட்சிக்கு நின்னவங்கள்லாம் உங்க அத்தா போன இடத்துக்கே போயிட்டாங்க." மாமா உயிரோட இருந்தப்ப ஏன் கேக்கலை. "எதுக்குக் கேக்கணும்? செம்பு சும்மா கிடந்தா பச்சை பூத்துரும், ஓடிக்கிட்டே இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். வருசா வருசம் வாடகைதான் வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்துச்சே." என்ன வாடகை என்றார் மச்சான். "அரிசி. ஒரு மூட்டை." மச்சான் எழுந்துவிட்டார். "அது ஜக்காத்துய்யா! வெளிநாட்டுல இருக்கிறவன் பொண்டாட்டி கஷ்டப்படுதேன்னு மாமா குடுத்த தர்மம். தர்மத்தைத் தின்னுட்டு வாடகைங்கிறீங்களே, நல்லாருக்கா?" அப்போது இவர் முகம் எப்படி இருந்தது. கோபம் இல்லை. வெந்துவிட்டதா என்று சோற்றை நசுக்கிப் பார்க்கிறவர் மாதிரி மச்சானை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "பள்ளிவாசல்ல நீங்க சொன்னதை மருமகன் சொன்னான். அன்னிக்கு அவனும் வரிசையில நின்னான். அதனாலதான் வந்தேன், இல்லைன்னா வந்திருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அரிசி எனக்குத் தெரியும். ஒரு வருடம் நானே வண்டியில் வைத்துக் கொண்டுபோய் அந்த வீட்டு நடையில் இறக்கினேன். இவர் மனைவி கதவிடுக்கில் நின்று வாங்கிக்கொண்டார். பாவம் என்று நினைத்தேன். அவர் என்னை என்னவென்று நினைத்தார். வாடகை கொண்டுவந்த கடைப் பையன் என்றா. யார் யாருக்குப் பாவம் பார்த்தது.

"என்ன பாய், நோம்பு இந்த வருசம் மாசியிலேயே வந்துருதாமே?" மாரிச்செல்வம் கத்தரியை வைத்துவிட்டு டிரிம்மரைக் கையில் எடுக்கிறான். "நான் தொழில் பழகுறப்ப நல்ல கார்த்திகை மழையில வந்துச்சு. நனைஞ்சுக்கிட்டே வந்து கஞ்சி வாங்கிக் குடிச்சேன். அப்புறம் ஒருக்கா அக்கினி வெயில்ல வந்துச்சு. இது என்ன கணக்கோ, ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது." பிறைக் கணக்கு செல்வம், வருசா வருசம் முன்னால நகரும் என்கிறேன். சொல்லி வாய் மூடும்போது உள்ளே ஏதோ ஒன்று தடுக்குகிறது. நகரும். நோன்பு நகரும். எங்கள் வீட்டில் ஜக்காத்து எப்போதும் நோன்பில்தான், அத்தா அதை வேறு மாதத்தில் கொடுத்ததே இல்லை. அந்த மூட்டையை நான் இறக்கிய அன்றைக்கு என் கையில் கரும்பு இருந்தது. ஆமாம், கரும்பு. வழியில் யாரோ பொங்கலுக்குக் கொடுத்தது, அதைக் கடித்துக்கொண்டே வண்டியை ஓட்டினேன். பட்டப்பகலில் கரும்பு கடித்தேன், அப்படியானால் அது நோன்பு இல்லை. சரி, அந்த ஒரு வருடம் தவறியிருக்கலாம். அம்மா. அம்மா இத்தாவில், வெளியே வராத துக்க நாட்களில், உள்ளறையில் இருக்கிறார்கள், முந்தாநாள் கேட்டேன். "கடைச் சமாச்சாரத்தை உங்கத்தா வீட்டுக்குள்ள கொண்டாரவே மாட்டாங்க கமரு. காதர் கனி வீட்டுக்குத் தை அரிசி போயிருச்சான்னு மட்டும் கேப்பாங்க" என்றார்கள். தை அரிசி. அன்றைக்குக் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. நோன்பு கார்த்திகைக்கும் வந்தது, அக்கினி வெயிலுக்கும் வந்தது, மாசிக்கும் வருகிறது. அரிசி மட்டும் எல்லா வருடமும் தையிலேயே நின்றது. தர்மம் பிறையைப் பார்த்துப் போகும். எது வருடாவருடம் ஒரே மாதத்தில் போகும். குத்தகை போகும், வாடகை போகும். வேண்டாம், இதை இப்போது யோசிக்க வேண்டாம். புது நெல் தையில்தானே வருகிறது, அதனால் இருக்கலாம். இருக்கலாம். கண்ணை மூடிக்கொள்கிறேன். மூடினால் தேக்சா தெரிகிறது.

டிரிம்மர் காதுக்குப் பின்னால் ஏறுகிறது. டிர்ர் என்று மண்டை ஓடு முழுக்க அதிர்கிறது. பெயர் வெட்டுகிற மெஷினும் இதே சத்தம்தான் போடும். முன்பெல்லாம் உளியும் சுத்தியலும்தான், புள்ளி புள்ளியாக அடிப்பார்கள். மெஷின் புதிதாக வந்தபோது ரத்தினசாமி கடைக்கே வந்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து புதுத் தட்டுகளில் எல்லாம் வெட்டினார். நான்தான் எடுத்து எடுத்துக் கொடுத்தேன். தட்டு முடிந்தது. அந்த உற்சாகத்தில் நான் ஒரு தேக்சாவைச் சாய்த்து அவர் முன்னால் பிடித்தேன். மெஷின் முனை செம்பில் படப்போகிறது, அத்தா கல்லாவிலிருந்து எப்படி வந்தார் என்று தெரியவில்லை, என் மணிக்கட்டில் ஒரு அடி. தேக்சா தரையில் விழுந்து கிண்ணென்று தெரு முழுக்கக் கேட்டது. வெட்டாதே என்றார். ஏன்த்தா என்றேன். "வெட்டாதேன்னா வெட்டாதே." அதற்கு முன்னும் பின்னும் அத்தா என்னை அடித்ததில்லை. அதை மச்சானிடம் சொல்லவில்லை. மாமா மறந்துட்டாரா என்று அவர் கேட்டபோது, மறக்கவில்லை மச்சான், காவல் காத்தார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெயர் வெட்டினால் விற்கும்போது விலை குறையும், அதற்காக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருக்கலாம். எத்தனை இருக்கலாம். அக்கா மகள் கல்யாணம் இந்தப் பங்கை நம்பி நிற்கிறது. அக்கா, உனக்கு எது சரின்னு படுதோ செய் என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். டிரிம்மரை மாரிச்செல்வம் நிறுத்துகிறான். சத்தம் நிற்கவில்லை. என் காதிலா, மண்டையிலா, இல்லை, தெருவிலிருந்து வருகிறது. கண்ணைத் திறந்தால் கண்ணாடியில் ரத்தினசாமியின் மொபெட் என் கடை வாசலில் சாய்ந்து நிற்கிறது. அவர் முதுகு தெரிகிறது. தேக்சாக்களுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆரம்பித்துவிட்டாரா. நான் போகும் முன்பே ஆரம்பித்துவிட்டாரா. வெட்டின பெயரை அழிக்க முடியாது, தேய்த்தால் செம்பு போகும். ஆரம்பித்துவிட்டால் நல்லதுதானே, நானாகச் செய்ததில்லை என்று ஆகிவிடுமே. துணிக்குள் சட்டைப்பையில் போன் துடிக்கிறது. மச்சானாகத்தான் இருக்கும். எடுக்க முடியாது. பண்டாரி பேப்பரைத் தாழ்த்திக்கொண்டு காதைக் கொஞ்சம் சாய்க்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால்தான் தெரு. அவருக்குத் தெரியாது. செம்பின் சத்தம் தெரியாத பண்டாரியா. "தாடையைத் தூக்குங்க பாய்" என்கிறான் மாரிச்செல்வம். தூக்குகிறேன். கழுத்தில் குளிர்ந்த நுரை, அதன் மேல் பிளேடு. இனி மூச்சுகூட அளந்துதான் விட வேண்டும். தெருச் சத்தம் நின்றுவிட்டது. முடித்துவிட்டாரா, இவ்வளவு சீக்கிரமா.

"பாய்!" ரத்தினசாமி முடிவெட்டும் கடை வாசற்படியில் நிற்கிறார், மெஷினின் வயர் தோளில் தொங்குகிறது. "மச்சான் போன் பண்ணாரு, நீங்க எடுக்கலையாம். நாலுலயும் களிம்பைத் தேய்ச்சு இடம் பண்ணி வெச்சுட்டேன். என்ன பேரு போடணும்? எப்பவும் போல எம்.எஸ்.ஸா, இல்ல இனிமே உங்க பேரா?"

"பேசிராதீங்க பாய், கழுத்துல கத்தி இருக்கு" என்றான் மாரிச்செல்வம்.

பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. கண்ணாடியில் பண்டாரி பேப்பரை மடித்துத் தொடைமேல் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. ரத்தினசாமியின் விரல்களைப் பார்த்தார், அவற்றில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. அவர் ஏதாவது சொல்லட்டும். அது என்னோடது என்று கத்தட்டும், சண்டைக்கு வரட்டும், நான் வக்கீலிடம் அனுப்பிவிடுகிறேன். அவர் வாயைத் திறக்கவில்லை. சாட்சி வேண்டாம், வந்து சொன்னாப் போதும் என்றேன். அவர் வந்து சொல்லியாகிவிட்டது. இரண்டாம் தடவை எதற்குச் சொல்வார். இனிச் சொல்ல வேண்டியது நான். ரத்தினசாமி ஒரு கணம் காத்திருந்தார். "சரி, எம்.எஸ்.ஸே போட்டுர்றேன்" என்று திரும்பினார். படியில் ஒரு கால் இறங்கியது. துணிக்குள்ளிருந்து என் கை எப்படி வெளியே வந்தது என்று தெரியவில்லை, மாரிச்செல்வத்தின் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்.

"வெட்டாதே" என்றேன். என் குரல் மாதிரி இல்லை.

"ஐயோ, நான் எங்க பாய் வெட்டுனேன்?" என்று மாரிச்செல்வம் பதறிப் பிளேடை மேலே தூக்கினான்.

"உன்னை இல்ல செல்வம். ரத்தினசாமியண்ணே, அதுல பேரு வெட்ட வேணாம்."

"வெட்ட வேணாம்னா எதுக்குக் கூப்பிட்டீங்க? தேய்ச்ச கூலி?"

"வெட்டுனதாவே நெனச்சுக் கூலியை வாங்கிக்கங்க. அது எங்க அத்தாவோடது இல்ல. அவரோடது." விரலை நீட்டினேன். கண்ணாடியைப் பார்த்து நீட்டியதால் ரத்தினசாமி முதலில் கண்ணாடியைத்தான் பார்த்தார், பிறகு திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். கழுத்து நுரை மெல்ல இறங்கித் துணிக்குள் போவது தெரிந்தது. சொல்லிவிட்டேன். இனி அசருக்குப் பிறகு சொல்லப்போவது இதே வாக்கியம்தான், ஆள்தான் வேறு, அங்கே மச்சான் இருப்பார், உள்ளறைக் கதவுக்குப் பின்னால் அக்கா இருப்பாள்.

பண்டாரி தொண்டையைச் செருமினார். "மூடி நாலும் உங்க அத்தா வாங்குனது தம்பி" என்றார். "நான் குடுக்கறப்ப மூடி கிடையாது. சஹன் தட்டைக் கவுத்து மேல தணலைப் போட்டுத்தான் நான் தம் போடுவேன். உங்க அத்தாதான் அளவெடுத்து மூடி அடிச்சதா சொல்லி அனுப்பியிருந்தாரு. மூடியை நீங்க வெச்சுக்கங்க, அது எனக்கு வேணாம்."

மூடி. மூடிகள் கடைக்குள் சுவரோரம் சாய்ந்திருக்கின்றன. வாரத்துக்கு இரண்டு தடவை அவற்றைத் துடைத்து அடுக்குகிறேன். நாலிலும் எம்.எஸ். இருக்கிறது. மூடியில் பெயர், தேக்சாவில் பெயர் இல்லை. இத்தனை வருடமும் ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வண்டியில் ஏற்றியிருக்கிறேன், ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவர் இதை ஒரு மாதம் முன்பே, மச்சான் சாட்சி கேட்ட அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொன்னால் வாதாடுகிற மாதிரி இருக்கும் என்று நினைத்தாரோ. இல்லை, எது தன்னுடையதோ அதை மட்டும் கேட்டார், எது இல்லையோ அதை இப்போதுதான் பிரிக்க வேண்டி வந்தது.

"நீங்க இங்க..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். என்னைப் பின்தொடர்ந்தா வந்தீர்கள் என்று எப்படிக் கேட்பது.

"அசருக்கு உங்க வீட்டுக்கு என்னையும் வரச் சொல்லி ஹஜ்ரத் ஆள் அனுப்பியிருந்தாரு. தாடி காடா கிடக்கு, பெரிய மனுசங்க முன்னால இப்படியேவா போய் உக்கார்றது? மக வீட்டுக்குக் கீழ இருக்கிறவன் போனதரம் காதுல வெட்டிப்புட்டான்." காதைத் தொட்டுக் காட்டினார். "சீக்கிரம் முடிச்சு எந்திரிங்க, எனக்கு நேரமாகுது."

மாரிச்செல்வம் சிரித்துவிட்டு மிச்சக் கழுத்தை வழித்தான். படிகாரக் கல்லைத் தேய்த்தபோது ஒரு இடம் சுரீரென்றது. எங்கோ லேசாகக் கீறியிருக்கிறது, நான் அவன் கையைப் பிடித்தபோதாக இருக்கும். எழுந்தேன். பண்டாரி என் சூடு ஆறாத நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். தெருவைக் கடந்தேன். இப்போது இடம் இடமாகவும் வலம் வலமாகவும் இருந்தது, அதுவே கொஞ்சம் தடுமாற்றமாக இருந்தது. நாலு தேக்சாவின் வயிற்றிலும் ரத்தினசாமி தேய்த்த இடம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக மின்னியது. உள்ளே போய் மூடிகளை எடுத்து வந்தேன். பழக்கத்தில் ஒன்றைத் தேக்சாவின் மேல் வைத்துவிட்டேன். அது இம்மியும் பிசகாமல் உட்கார்ந்தது. வளையத்தைப் பிடித்துத் தூக்கித் தனியாக வைத்தேன். போன் மறுபடியும் துடித்தது.

"வெட்டியாச்சா கமரு?"

"இல்ல மச்சான்."

"ஏன்டா? ரத்தினசாமி வரலையா?"

"வந்தாரு. நீங்க அசருக்கு வாங்க, எல்லாரும் இருக்கறப்ப சொல்றேன்." அவர் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். போனைப் பையில் போட்டேன். அங்கே போய் என்ன சொல்லப்போகிறேன், எந்த வார்த்தையில் ஆரம்பிக்கப்போகிறேன், அக்கா மகளுக்கு எங்கிருந்து எடுக்கப்போகிறேன், எதுவும் தெரியவில்லை. இந்த முறை ஒரு வார்த்தையும் அதிகமாகச் சேர்க்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது. பங்குக்கு மிஞ்சிய மூடிகளைக் கைக்கு இரண்டாக வளையத்தில் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தேன். அடியெடுத்து வைக்க வைக்க அவை ஒன்றோடொன்று இடித்துப் பெரிதாகச் சத்தம் போட்டன. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், "என்ன கமரு, மூடியை மட்டும் தூக்கிக்கிட்டுப் போற, தேக்சா எங்க?" என்றார். நான் நிற்கவில்லை.